அங்கே உன் பேர் என்ன?

2014 நவம்பர். நார்வே தலைநகர் ஆஸ்லோவில் ஒரு வீடு. 25 வயது மகனைப் பறிகொடுத்த பெற்றோர், அவர் எழுதிவந்த இணையப் பக்கத்தைத் திறக்கிறார்கள். பாஸ்வேர்டை மகன் அவர்களுக்காக விட்டுச் சென்றிருந்தார். 'எங்கள் மகன் இறந்துவிட்டான்' என்று அதில் ஒரு அறிவிப்பு போடுகிறார்கள். யாராவது தொடர்புகொள்ள விரும்பினால் எழுதட்டும் என்று கீழே ஒரு மெயில் முகவரி.

யார் எழுதப்போகிறார்கள்? மகனுக்கு நண்பர்களே இல்லை என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

ஆனால், மெயில் வந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வந்துகொண்டே இருந்தன. பல நாடுகளிலிருந்து, முன்பின் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். 'உங்கள் மகன் என் கஷ்ட காலத்தில் கூட இருந்தார்' என்ற ரீதியில் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. படிக்கப் படிக்கப் பெற்றோருக்குத் திகைப்பு. அதில் பலரும் மகனைக் குறிப்பிட்ட பெயர், இவர்கள் வைத்த பெயர் இல்லை. 'ஐபெலின்' என்று எழுதியிருந்தார்கள்.

மகனின் பெயர் மாட்ஸ் ஸ்டீன். ஐபெலின் என்பது, அவர் தினமும் போய்வந்த இன்னொரு உலகத்தில் அவருக்கு இருந்த பெயர்.

'ஆன்லைனில் இருக்கும் ஒரு கற்பனை உலகத்தில் சேரலாமா, வேண்டாமா?' என்ற கேள்வி இன்று பல வீடுகளுக்கு வந்துவிட்டது. நாலாம் வகுப்புப் பையன் 'எல்லாரும் ராப்லாக்ஸ்ல இருக்காங்க, நான் மட்டும் இல்ல' என்று அம்மாவிடம் அடம்பிடிக்கிறான். காலேஜ் பெண் வி.ஆர். ஹெட்செட் வாங்கக் காசு சேர்க்கிறாள். பிள்ளைகள் வெளிநாட்டில், முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கும்கூட இந்தக் கேள்வி வரலாம். பதில் சொல்வதற்கு முன், மாட்ஸின் கதையை முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது. அதில் இரண்டு பக்கமும் இருக்கிறது.

சக்கர நாற்காலியும் ஓட்டமும்

மாட்ஸுக்குப் பிறவியிலேயே டுஷேன் தசைச்சிதைவு நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் மரபணு நோய் இது. கால், கை, கடைசியில் இதயமும் மூச்சுத் தசைகளும் என்று உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். சின்ன வயதிலேயே சக்கர நாற்காலி. வளர வளர, அசைக்க முடிந்தது விரல்களை மட்டும்தான். அந்த விரல்களுக்கு ஏற்றபடி அமைத்த கருவிகளோடு அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

அவர் நுழைந்த உலகம் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. 2004-ல் வெளிவந்த, உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் ஒரே நேரத்தில் விளையாடும் கேம். கேம் என்றாலும், ஜெயித்து முடித்துவிட்டு எழுந்துபோகிற சமாசாரம் இல்லை. காடு, ஏரி, ஊர், சந்தை, சத்திரம் எல்லாம் அங்கே உண்டு. நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அந்த ஊர் தூங்காது. கூட விளையாடுபவர்கள் சேர்ந்து 'கில்ட்' என்று குழு வைத்துக்கொள்வார்கள். நம்மூர் நற்பணி மன்றம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்ஸ் இருந்த குழுவின் பெயர் 'ஸ்டார்லைட்'. சுமார் 30 பேர். இவர்கள் சண்டை போடுவதைவிட, தங்கள் கதாபாத்திரமாகவே பேசிப் பழகுவதில் அதிக நேரம் செலவிட்டார்கள்.

அங்கே மாட்ஸ், கட்டுமஸ்தான உடம்பு கொண்ட ஒரு பிரபு. துப்பறிவாளரும்கூட. உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் செய்கிற வேலை, ஓடுவது. காட்டு வழியாக, தண்ணீர் ஓரமாக, சுமார் அரை மணி நேரம். நடக்கவே முடியாத மனிதர், ஒவ்வொரு நாளையும் ஓட்டத்தோடுதான் தொடங்கினார்.

வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் அங்கே கழித்தது 15,000 முதல் 20,000 மணி நேரம் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு முழுநேர வேலையில் பத்து ஆண்டு இருந்ததற்குச் சமம். பெற்றோருக்கோ ஒரே கவலை. ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறானே, வீட்டுக்கு ஆள் வந்தாலும் திரையை விட்டு நகர மறுக்கிறானே என்று. எந்த வீட்டிலும் வருகிற கவலைதான். கேம் என்றால் கேம், அதற்குள் இவ்வளவு மனிதர்கள் இருப்பார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மெயில்களில் வந்த கதைகளில் இரண்டு மட்டும் இங்கே. நெதர்லாந்தில் ஒரு டீன்ஏஜ் பெண். படிப்பு கெடுகிறது என்று அவள் வீட்டில் கம்ப்யூட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். சட்டென்று நண்பர்கள் மொத்தமாக அறுந்துபோனதில் அவள் ஒடுங்கிப்போனாள். மாட்ஸ் அவளுடைய பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். அந்த நட்பு அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எடுத்துச் சொன்னார்.

இன்னொருவர் டென்மார்க்கில் ஒரு தாய். ஆட்டிசம் உள்ள மகனிடம் நெருங்க முடியாமல் தவித்தவர். 'அவனோடு சேர்ந்து நீங்களும் இந்த கேமுக்குள் வாருங்களேன்' என்று யோசனை சொன்னவர் மாட்ஸ். நேரில் கட்டிப்பிடிக்க விடாத பையன், கேமுக்குள் அம்மாவின் கதாபாத்திரத்தைக் கட்டிப்பிடித்தான். அதற்குப் பிறகு நேரிலும் அவர்களுக்குள் இருந்த சுவர் மெதுவாக இறங்கியது.

மாட்ஸின் இறுதிச்சடங்குக்கு ஸ்டார்லைட் நண்பர்கள் வெளிநாடுகளிலிருந்து ஆஸ்லோ வந்தார்கள். டிக்கெட்டுக்குக் காசு இல்லாதவர்களுக்குக் குழுவே நிதி திரட்டியது. மாட்ஸின் முகத்தை அவர்கள் யாரும் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை.

மறைத்து வைத்த பாதி

இங்கேயே நிறுத்தினால் இது இனிப்பான கதை. ஆனால், மிச்சமும் இருக்கிறது.

அந்தக் குழு தங்கள் உரையாடல்களைப் பதிவு செய்து வைத்திருந்தது. அதுவே சுமார் 42,000 பக்கங்கள். அதை வைத்து இயக்குநர் பெஞ்சமின் ரீ எடுத்த 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் ஐபெலின்' ஆவணப்படம் 2024 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் வெளியானது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. அந்தப் படம் மாட்ஸைத் தெய்வமாக்கவில்லை. அவர் சிலரைக் காயப்படுத்தியிருக்கிறார். சில காலம் எரிச்சலும் திமிருமாக நடந்துகொண்டிருக்கிறார். குழு நேரில் சந்திக்கக் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்தார்.

காரணம், தன் நோயைப் பற்றி அங்கே அவர் பல வருடங்களாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள், பழைய மாதிரி பழக மாட்டார்கள் என்ற பயம். 2013-ல் அவர் தன் வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கிய பிறகுதான் நண்பர்களுக்குத் தெரிந்தது. யாரும் விலகவில்லை. இன்னும் நெருங்கினார்கள். ஆனால், அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது சுமார் ஒரு வருடம்தான்.

ஆக, அங்கே இருந்தவர்களுக்கு இங்கே இருக்கும் மாட்ஸைத் தெரியாது. இங்கே இருந்தவர்களுக்கு அங்கே இருக்கும் ஐபெலினைத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்த பெற்றோர், தங்கள் மகன் யாராக வாழ்ந்தார் என்பதை அவர் இறந்த பிறகு, வெளியூர்க்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டார்கள். இந்தக் கதையில் அதிகம் வலிக்கிற இடம் இதுதான்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 20,000 மணி நேரம் என்ற கணக்கை, ஓடியாடித் திரிகிற 15 வயதுப் பையனுக்கு நியாயமாக எடுத்துக்கொள்ள முடியாது. மாட்ஸ் மைதானத்தையும் திரையையும் வைத்துத் திரையைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. அவருக்கு மைதானமே இல்லை. 'அவர் விளையாடினாரே!' என்று யாராவது வீட்டில் வாதம் செய்தால், இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஜெயிப்பதற்கு எதுவுமே இல்லாத உலகம்

கேம் என்ற சாக்குகூட இல்லாமல், சும்மா 'வாழ்வதற்கு' என்றே உருவான உலகங்களும் உண்டு. அவற்றில் பழைய, பெரிய உலகங்களில் ஒன்று, இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது 'செகண்ட் லைஃப்'. அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-ல் தொடங்கியது. நிறுவனர் பிலிப் ரோஸ்டேல். 2021-ல் ஃபேஸ்புக் தன் நிறுவனப் பெயரை 'மெட்டா' என்று மாற்றிக்கொண்டபோது, 'இதைத்தானே நாங்கள் 18 வருஷமா செய்றோம்' என்று செகண்ட் லைஃப்வாசிகள் சிரித்திருப்பார்கள்.

சேருவது சுலபம். அடிப்படைக் கணக்குக்குக் காசு கிடையாது. ஒரு உருவம் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குப் பெயர் 'அவதார்'. நம்முடைய அவதாரம்தான், சுற்றிச் சுற்றி நம்மிடமே வந்திருக்கிறது. வயது, நிறம், உயரம் எல்லாம் உங்கள் இஷ்டம். அங்கே நடக்கலாம், பறக்கலாம், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கண் இமைக்கும் நேரத்தில் போகலாம். வீடு, கடை, கச்சேரி மண்டபம், கடற்கரை எல்லாமே அங்கே இருப்பவர்கள் கட்டியவை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், முழு அனுபவத்துக்கு ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் தேவை. பழைய லேப்டாப் திணறும்.

பெயர் விஷயத்தில் அங்கே ஒரு சுவாரஸ்யமான வழக்கம் இருந்தது. ஆரம்ப காலத்தில் முதல் பெயரை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். குடும்பப் பெயரை மட்டும் நிறுவனம் தரும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2010 வாக்கில் அதை எடுத்துவிட்டு, புதிதாக வருகிற எல்லாருக்கும் 'ரெசிடென்ட்' என்று ஒரே குடும்பப் பெயரைக் கொடுத்தார்கள். பழைய மாதிரியே வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2020-ல் குடும்பப் பெயர்கள் திரும்பி வந்தன, ஆனால் சந்தா கட்டுபவர்களுக்கு, தனிக் கட்டணத்தோடு. இல்லாத ஊரில் இல்லாத குடும்பத்தின் பெயருக்குக் காசு கட்ட மனிதர்கள் தயாராக இருந்தார்கள் என்றால், அந்தப் பெயர் அவர்களுக்கு எவ்வளவு ஒட்டிப்போயிருக்கும்!

மாட்ஸ் மாதிரியானவர்களுக்கு அங்கேயும் இடம் இருக்கிறது. 'விர்ச்சுவல் எபிலிட்டி' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்காக செகண்ட் லைஃபுக்குள் ஒரு தீவே வைத்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது என்று கைபிடித்துச் சொல்லித் தருகிறார்கள். பார்கின்சன் நோயாளிகள், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவர்கள் வீட்டிலிருந்தபடியே ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். மற்ற இடங்களில் டைப் செய்வது சிரமமாகத் தெரியும், ஆனால் காது கேளாதவர்களுக்கு அதுதான் சமத்துவம். எல்லாரும் எழுதியே பேசினால் யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்ற பேச்சே இல்லை. 2007-ல் அங்கே குரல் வசதி வந்தபோது அவர்களுக்கு வந்த முதல் கவலை, 'இனி எல்லாரும் வாயால் பேசத் தொடங்கிவிடுவார்களே' என்பதுதான்.

அங்கேயும் ஒரு சீட்டுக் கம்பெனி

செகண்ட் லைஃபில் 'லிண்டன் டாலர்' என்று தனிப் பணம் உண்டு. நிஜப் பணம் கொடுத்து வாங்கலாம், திரும்ப நிஜப் பணமாக மாற்றவும் செய்யலாம். அங்கே மனை வாங்கி, மேம்படுத்தி, வாடகைக்கு விட்டே ஒரு பெண் பெரும் பணக்காரி ஆனார். அவருடைய அவதாரின் பெயர் அன்ஷே சங். 2006-ல் 'பிசினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் வந்தது அவரது நிஜ முகம் இல்லை, அந்த அவதாரின் படம்.

பணம் என்று வந்துவிட்டால் அடுத்து என்ன வரும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'ஜின்கோ ஃபைனான்ஷியல்' என்று அங்கே ஒரு 'வங்கி' முளைத்தது. ஆண்டுக்கு 40 சதவிகிதத்துக்கும் மேல் வட்டி என்றது. மக்கள் போட்டார்கள். 2007-ல் ஒரே நேரத்தில் எல்லாரும் திரும்பக் கேட்க, கதவைச் சாத்தியது. போன தொகை நிஜக் கணக்கில் சுமார் 7,50,000 அமெரிக்க டாலர். 2008 ஜனவரியில், அரசு உரிமம் இல்லாத யாரும் அங்கே வட்டிக்குப் பணம் வாங்கக் கூடாது என்று லிண்டன் லேப் தடை போட்டது. போட்டவர்களின் பணம் போனது போனதுதான். எந்தக் காவல் நிலையத்தில் போய், எந்த ஊர் முகவரி சொல்லிப் புகார் கொடுப்பது?

இப்போது இந்தியாவில் ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே அழைக்க 1930 என்ற எண் இருக்கிறது. உடனே அழைத்தால் பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு அதிகம். ஆனால், அந்த உலகத்துக்குள் நீங்களே விரும்பிக் கொடுத்த காசுக்கு இந்த எண் எவ்வளவு தூரம் உதவும் என்பது சந்தேகம்தான். ஒரு உலகத்தில் முதல் மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் இருந்து பார்ப்பது, பிற்பாடு வரும் பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

தொடாமலே தொடும் கைகள்

பெண்களுக்கு இந்த முடிவில் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. மெட்டாவின் 'ஹொரைசன் வேர்ல்ட்ஸ்' உலகத்தை 2021 இறுதியில் சோதித்துப் பார்த்த ஒரு பெண், அங்கே தன் அவதாரை ஒரு முகம் தெரியாத ஆள் தகாத முறையில் தொட்டதாகப் புகார் சொன்னார். 'நிஜத்தில் தொடவே இல்லையே' என்று சிலர் கேட்டார்கள். ஹெட்செட் மாட்டிக்கொண்டு உள்ளே நின்றவருக்கு அது 'இல்லை' என்று தோன்றவில்லை. 2022 பிப்ரவரியில் மெட்டா ஒரு மாற்றம் செய்தது. ஒரு அவதாருக்கும் இன்னொரு அவதாருக்கும் நடுவில் ஏறக்குறைய 4 அடி தூரம். அதற்குள் யாரும் நெருங்க முடியாதபடி அப்போது செய்தார்கள். டவுன் பஸ்ஸில் நம் பெண்களுக்கு இன்னும் கிடைக்காத 4 அடி.

எந்த உலகத்தில் சேர்ந்தாலும், உருவத்தை அழகுபடுத்துவதற்கு முன் பிளாக், மியூட், ரிப்போர்ட் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று விரல் பழகிவிட வேண்டும். சேர்ந்த அன்றே, தேவைப்படாத நேரத்திலேயே.

'எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் இல்ல'

இனி அந்த நாலாம் வகுப்புப் பையனிடம் வருவோம். ராப்லாக்ஸ் 2006-ல் தொடங்கியது. அது ஒரு கேம் இல்லை, மற்றவர்கள் உருவாக்கிய லட்சக்கணக்கான கேம்கள் இருக்கும் ஒரு பெரிய மைதானம். அங்கே பணம், 'ரோபக்ஸ்'. குழந்தைகளிடம் பெரியவர்கள் குழந்தை வேடத்தில் வந்து பழகுவது அங்கே உள்ள பெரிய ஆபத்து. துருக்கி 2024 ஆகஸ்ட்டில் ராப்லாக்ஸையே தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த நிறுவனம் விதிகளை இறுக்கியது. பெற்றோர் தங்கள் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம், யார் யார் நண்பர்கள் என்று தங்கள் போனிலிருந்தே பார்க்கலாம். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனிச் செய்தி அனுப்புவதற்கும் கட்டுப்பாடு வந்தது.

ஆனால் இதெல்லாம் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. பிள்ளை கணக்குத் தொடங்கும்போது உண்மையான வயதைச் சொல்லியிருக்க வேண்டும். 9 வயதுப் பிள்ளைக்கு 19 என்று அடித்துக் கணக்கு தொடங்கிக் கொடுப்பதே பல வீடுகளில் அண்ணனோ மாமாவோதான். 'அப்பதான் எல்லாம் ஓப்பன் ஆகும்' என்று. உண்மையில், பல பூட்டுகள் திறந்துவிடுகின்றன. இந்தியாவின் 2023-ம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தை என்கிறது, அவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த ஒரு பொய், இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறது. குழந்தைக்கு ஏதாவது ஆபத்து என்று தோன்றினால் 1098-ஐ அழைக்கலாம்.

தடை போடுவதுதான் சுலபம் என்று தோன்றும். நெதர்லாந்துப் பெண்ணின் வீட்டில் அதைத்தான் செய்தார்கள். கம்ப்யூட்டர் போனது, நண்பர்கள் போனார்கள், உள்ளே யார் இருந்தார்கள் என்று வீட்டுக்குத் தெரியாமலே போனது. டென்மார்க் அம்மா வேறு வழியில் போனார். அவரும் ஒரு பெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். 9 வயதுப் பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ராப்லாக்ஸில் சுற்றினால் அம்மாவுக்குத் தலை சுற்றும், கீழே விழுவார், பிள்ளை சிரிக்கும். ஆனால் 'அவன் யாரு, உன்கிட்ட ஏன் அப்படிப் பேசறான்?' என்று கேட்க, உள்ளே நின்றிருக்க வேண்டும். 'எத்தனை மணி நேரம் விளையாடினே?' என்று கேட்கிற வீடுகள் அதிகம். 'அங்கே உன் பேர் என்ன? உன்னை அங்கே யாருக்கெல்லாம் தெரியும்?' என்று கேட்கிற வீடுகள் குறைவு.

கணவன், மனைவிக்கும் இதே கேள்விதான். செகண்ட் லைஃபில் அவதார்களுக்கு இடையே காதல் உண்டு, கல்யாணம் உண்டு, அதனால் நிஜ வீடுகளில் சண்டையும் உண்டு. அங்கே இருக்கும் பெயரை வீட்டில் சொல்ல முடியாத நிலை வந்துவிட்டது என்றால், சேருவதா வேண்டாமா என்ற கட்டத்தை அவர் எப்போதோ தாண்டிவிட்டார்.

கிருஷ்ணகிரியில் ஒரு வரவேற்பு

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைத்தால், 2022 பிப்ரவரி 6-ம் தேதிக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் கிராமத்தில் ஒரு கல்யாணம். கொரோனா கட்டுப்பாட்டுக் காலம், எல்லாரையும் கூப்பிட முடியாது. தாலி கட்டியது ஊரில், உறவுகள் முன்னால். வரவேற்பு மட்டும் ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டை பாணியில் அமைத்த ஒரு விர்ச்சுவல் மண்டபத்தில். விருந்தினர்கள் போனிலும் லேப்டாப்பிலும் நுழைந்து, தங்களுக்கு ஒரு அவதார் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த வரவேற்பில் மணமகளின் அப்பாவும் இருந்தார். அவர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டவர். அவரைப் போன்ற உருவத்தை உருவாக்கி, மணமக்களை வாழ்த்த நிறுத்தியிருந்தார்கள். இதைக் கேட்டுச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், சிலருக்கு உடம்பு சில்லிடும். இரண்டுமே நியாயம்தான். போட்டோவுக்கு மாலை போட்டு, அதை மணமேடைக்குப் பக்கத்தில் வைக்கிற வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் போட்டோ இப்போது நடந்து வந்திருக்கிறது.

ஒருநாள் இழுத்துப் பூட்டினால்?

சேரும்போது யாரும் கேட்காத ஒரு கேள்வி, இந்த உலகம் எத்தனை நாள் இருக்கும் என்பது. கூகுள் 2008 ஜூலையில் 'லைவ்லி' என்று ஒன்றைத் தொடங்கி, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே மூடியது. குழந்தைகள் பென்குயின் உருவத்தில் பனியில் சறுக்கி விளையாடிய 'கிளப் பென்குயின்' 2017 மார்ச்சில் நின்றது. அதோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் கடைசி நிமிடம் வரை உள்ளே நின்று, திரை அணைவதைப் பார்த்தார்கள். மைக்ரோசாஃப்ட்டின் 'ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர்.' 2023 மார்ச்சில் போனது. அங்கே கட்டிய வீட்டுக்குப் பட்டா கிடையாது. கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் ஊரே காலி.

ஸ்டார்லைட் நண்பர்கள் தப்பித்தது இங்கேதான். அவர்கள் உரையாடல்களைத் தங்கள் பக்கம் சேமித்து வைத்திருந்தார்கள். அந்த 42,000 பக்கங்கள் இல்லை என்றால், ஐபெலின் யார் என்று அவர் அம்மா, அப்பாவால் இவ்வளவு தெரிந்துகொண்டிருக்க முடியாது. அங்கே ஒருவர் உண்மையிலேயே நண்பராகிவிட்டார் என்று தெரிந்தால், அந்த உலகத்துக்கு வெளியே அவரைத் தொடர்புகொள்ள ஒரு வழி வைத்துக்கொள்வது நல்லது. பெரியவர்களுக்குத்தான் இது. பிள்ளைகள் விஷயத்தில் நேர் எதிர். 'வெளியே வா, வேறு ஆப்பில் பேசலாம்' என்று யார் கூப்பிட்டாலும் அது எச்சரிக்கை மணி.

அந்தப் பாட்டியின் கேள்வி பாக்கி இருக்கிறது. முழங்கால் வலி, பிள்ளைகள் வெளிநாட்டில், சாயங்காலம் ஆனால் பேச ஆள் இல்லை. அவர் சேரலாமா? தாராளமாக. பேரனோ பேத்தியோ ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்துவிட வேண்டும். வங்கி அட்டை எதையும் இணைக்காமல், வீட்டு முகவரியும் நிஜப் பெயரும் எங்கும் கொடுக்காமல். எதிர்வீட்டு அம்மாவோடு வாசலில் பேசும் அரை மணி நேரத்தை மட்டும் இதற்காக விட்டுவிடக் கூடாது, அது இருக்கும் வரை. பாட்டி அங்கே என்ன பெயர் வைத்துக்கொண்டார் என்று பேரன் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய் நாலு நாள் அங்கே வராமல் இருந்தால், யாரோ எங்கிருந்தோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டார்லைட் குழு இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் மாட்ஸின் நினைவாக கேமுக்குள் ஒன்றுகூடுகிறார்கள். கூடியதும், அவர் தினமும் ஓடிய அதே காட்டுப் பாதையில், அவரவர் அவதாரில், எல்லாரும் சேர்ந்து ஓடுகிறார்கள்.